ஈஸ்ட்ஹாம் எப்போது லண்டன் ஆனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு மலரில் லண்டன் தமிழர் பற்றி வந்த கட்டுரையில், ஈஸ்ட்ஹாம் ஆதியிலிருந்தே லண்டன் மாநகரின் பகுதி என்று இருந்தது. அது சரியல்ல. இங்கேயே குடியிருப்பவன் என்பதால் எழுதுகிறேன்.

ஈஸ்ட்ஹாம் எசெக்ஸ் மாவட்டத்துப் பழைய பங்கு, அதாவது ஒரு தேவாலயத்தின் கீழ் அமைந்த ஊர்ப்பகுதி (parish). ரோடு பராமரிப்பு, ஏழைகளுக்கு உதவி, அதற்கான வரி எல்லாவற்றையும் ஒரு காலத்தில் பங்குச் சபையே கவனித்தது. அந்தப் பங்கின் மகதலேனா மரியாள் தேவாலயம் 12ஆம் நூற்றாண்டுக் கட்டடம். இன்றும் வழிபாடு நடக்கிறது. வீடுகள் பெருகவே 1878இல் உள்ளாட்சி வாரியம் வந்தது. அப்புறம் 1894இல் நகர்ப்புற மாவட்டம், 1904இல் நகராட்சி. பார்க்கிங் ரோடு (Barking Road) முனையில் செங்கல் மணிக்கூண்டோடு நிற்கும் நகர மண்டபம் 1903இலேயே திறக்கப்பட்டது. நகராட்சி ஆகுமுன்பே அப்படியொரு மண்டபம் கட்டிய ஊர் இது! 1915இல் எசெக்ஸ் கவுன்சிலின் பிடியிலிருந்தும் விடுபட்டது.

1965இல்தான் வெஸ்ட்ஹாமோடு சேர்ந்து நியூஹாம் ஆகி, பெருநகர் லண்டனுக்குள் வந்தது. நம் பிள்ளைகள் படிக்கும் பத்திரிகை. தயவுசெய்து திருத்தம் வெளியிடுங்கள்.

வாசகர் ஒருவர்,
ஈஸ்ட்ஹாம், லண்டன்.