பழைய பிளேனார் ஹெட்போன்: ஃபெல்ட்டை உரிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பிளேனார் மேக்னெட்டிக் ஹெட்போன்களைப் (காந்தங்களுக்கு நடுவே தட்டையான படலம் அதிர்ந்து ஒலி தருபவை) பழுதுபார்த்து மெருகேற்றும் பொழுதுபோக்கு பற்றித் தங்கள் நாளிதழில் கட்டுரை வந்ததில் மகிழ்ச்சி. ஆனால் அதில் சொல்லப்பட்ட ஓர் அறிவுரையைக் கேட்டு நடந்தால் பல நல்ல கருவிகள் கெட்டுப்போகும். பின்மூடியைத் திறந்து, டிரைவரின் (ஒலி எழுப்பும் பாகம்) முதுகில் ஒட்டியிருக்கும் ஃபெல்ட்டை (இழைகளை அழுத்திச் செய்த தடித்த துணி) உரித்துவிட்டால் ஒலி விரிந்து கேட்கும் என்கிறது கட்டுரை. அந்த ஃபெல்ட் அலங்காரத்துக்காக வைத்ததல்ல. டிரைவரின் ஒரு பாகமே அதுதான்.

யமஹா 1976-இல் வெளியிட்ட எச்பி-1-ஐ எடுத்துக்கொள்வோம். இத்தாலிய வடிவமைப்பாளர் மாரியோ பெல்லினி உருவம் கொடுத்த ஹெட்போன் அது. 12 மைக்ரான் தடிமனுள்ள பாலியெஸ்டர் படலத்தின் மேல் வாய்ஸ் காயில் (மின்சாரம் ஓடும் கடத்திக் கோடு) சுருளாகப் பதிந்திருக்கும். துளையிட்ட இரண்டு ஃபெரைட் காந்தத் தட்டுகளுக்கு நடுவே படலம் நிற்கும். சாதாரண டைனமிக் டிரைவரில் விசை ஒரு வளையத்தில் மட்டும் விழும். இதில் படலம் முழுவதும் விழுகிறது. பிளேனாரின் சுத்தமான ஒலிக்கு இதுவே காரணம். ஆனால் இழுத்துக் கட்டிய எந்தப் படலத்துக்கும் ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. பின்னால் காற்றுக்குத் தடையே இல்லாவிட்டால் அந்த அதிர்வெண்ணில் படலம் கட்டுப்பாடின்றி ஆடும். பேஸின் (தாழ்ந்த அதிர்வெண் ஒலி) மேல்பகுதி ஊதிப் பெருக்கும், அதற்குக் கீழே சட்டென்று இறங்கிவிடும். தட்டின் துளைகள் வழியே போகும் காற்றுக்குச் சரியான அளவு தடை கொடுத்து அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஃபெல்ட்டின் வேலை. உரித்தவுடன் கேட்கும் "விரிவு" பெரும்பாலும் இந்த ஊதல்தான். ஒரு வாரம் கேட்டால் காது களைத்துவிடும்.

அனுபவத்தில் சொல்வதானால், இந்த ஹெட்போன்களில் முதலில் சாவது டிரைவர் அல்ல. பேடு (காதைச் சுற்றி அமரும் மெத்தை), பஞ்சு, கேபிள், பிளக் என்ற வரிசையில்தான் போகின்றன. வேலையும் அதே வரிசையில் நடக்க வேண்டும்.

முதலில் பேடு. பழைய வினைல் விறைத்து வெடித்திருக்கும். உள்ளே இருக்கும் பஞ்சு தொட்டால் பொடியாகும், இல்லையென்றால் தார் மாதிரி பிசுபிசுக்கும். பேடு காதைச் சுற்றி மூடாவிட்டால் பேஸ் அந்த இடைவெளி வழியே வெளியேறிவிடும். டிரைவரைக் குறைசொல்லிப் பயனில்லை. சோதிப்பது சுலபம்: 40 ஹெர்ட்ஸ் டோனை மெதுவாக ஓடவிட்டு, இரு கப்புகளையும் கையால் காதோடு லேசாக அழுத்திப் பாருங்கள். ஒலி கணிசமாக ஏறினால் கசிவு இருக்கிறது. புதுப் பேடு போடும்போது தடிமனைக் கவனியுங்கள். காதுக்கும் டிரைவருக்கும் உள்ள தூரம் சில மி.மீ. மாறினாலே ட்ரெபிள் (உயர்ந்த அதிர்வெண் ஒலி) மாறும். பிசுபிசுத்த பஞ்சை அகற்றும்போது ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைக்க வேண்டும். டிரைவரின் முகத்தை டேப்பால் மூடிய பிறகே இதைத் தொடங்குங்கள். பொடி துளை வழியே உள்ளே போனால் பிறகு பெரிய தலைவலி.

அடுத்து மல்டிமீட்டர். பிளேனாரின் இம்பீடன்ஸ் (மாறும் மின்னோட்டத்துக்கான மொத்தத் தடை) ஏறக்குறைய முழுக்க முழுக்க ரெசிஸ்டன்ஸ்தான், அதிர்வெண்ணுக்கேற்ப ஏறி இறங்காது. அதனால் மீட்டர் காட்டும் டிசி ஓமும் பெட்டியில் அச்சிட்ட ஓமும் அருகருகே இருக்கும். எச்பி-1 என்றால் 150-க்குப் பக்கத்தில், ஃபோஸ்டெக்ஸ் நிறுவனத்தின் டி50ஆர்பி ஹெட்போன் என்றால் 50-க்குப் பக்கத்தில். பிளக்கில் அளக்கும்போது ஒரு பக்கம் முழுவதும் திறந்திருப்பதாக (மின் இணைப்பே இல்லை என்று) காட்டினால் பயப்பட வேண்டாம். கேபிளை ஆட்டிப் பாருங்கள்; எண் வந்து வந்து போனால் கோளாறு கேபிளில். பிறகு டிரைவர் முனையிலேயே அளக்க வேண்டும். அங்கும் திறந்திருந்தால்தான் உள்ளே பிரச்சினை. (ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த பழைய ரிசீவர்களின் ஹெட்போன் ஜாக்கில் சில நூறு ஓம் தொடர் ரெசிஸ்டர் இருப்பதுண்டு. டைனமிக் ஹெட்போனில் அது பேஸைக் குலைத்துவிடும். பிளேனாரில் சத்தம் மட்டும் குறையும், சுவை மாறாது. இதை ஒரு குறையாக எண்ணி ரிசீவரைத் திறக்க வேண்டியதில்லை.)

பழைய கேபிளின் உள்கம்பி பெரும்பாலும் நூலின் மேல் சுற்றிய மெல்லிய தாமிர இழை. பல சமயம் வார்னிஷ் பூசியதும்கூட. நேராகச் சால்டர் வைத்தால் ஈயம் பிடிக்காது. சால்டரிங் அயர்ன் முனையில் ஒரு துளி ஈயத்தை உருக்கி வைத்து, வார்னிஷ் எரிந்து புகை நிற்கும்வரை இழையை அதில் தோய்த்து எடுத்தால் பிடிக்கும். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் பிளக்கும் கேபிளும் தாராளமாகக் கிடைக்கின்றன. டிரைவரின் முனையில் சால்டர் வைக்கும்போது மட்டும் மிகுந்த கவனம் தேவை. பாலியெஸ்டர் 255 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும், அதற்கு வெகு முன்பே சுருங்கத் தொடங்கிவிடும். சால்டரிங் அயர்ன் முனையோ 350 டிகிரியில் நிற்கும். சால்டர் வைக்கும் இடத்துக்கும் டிரைவருக்கும் நடுவே ஒரு முதலைக் கிளிப்பைக் கடிக்கவிட்டு, இரண்டு நொடியில் முடித்துவிடுங்கள். இடம் வலம் மாறினால் உடனே தெரிந்துவிடும், துருவம் மாறினால் தெரியாது. ஒரு மோனோ பதிவில் குரல் தலைக்கு நடுவே நிற்காமல் இரு பக்கமும் சிதறி, பேஸும் வெளிறிப்போயிருந்தால் ஒரு கப்பின் இரண்டு கம்பிகளையும் மாற்றி வையுங்கள்.

இவ்வளவும் ஆன பிறகுதான் ஃபெல்ட்டின் முறை. அது முழுசாக இருந்தால் தொடாதீர்கள். பூச்சி அரித்தோ மட்கியோ போயிருந்தால் புதிதாக வெட்டும்முன் பழையதை உறையில் போட்டு, இடம் வலம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுத் துணி சரியா என்று பார்க்க ஒரு நேரடி வழி உண்டு: இரண்டையும் வாயருகே பிடித்து ஊதி, காற்று போகும் தடையை ஒப்பிடலாம். கைவினைக் கடை ஃபெல்ட் ஒன்று தளர்வாக இருக்கும், அடுத்தது அட்டைபோல் இருக்கும். எனவே தடிமனை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது. நுணுக்கமாகச் சரிசெய்ய மருந்துக்கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப் நல்ல பொருள். அது காகிதம் போன்றது, காற்றைக் கொஞ்சம் விடும், உரித்தால் தடயமில்லாமல் வந்துவிடும். ஒரு நேரத்தில் ஓர் அடுக்கு, இரு பக்கமும் ஒரே அளவு. அடுக்கு ஏற ஏற ஊதல் அடங்கும். ஒரு கட்டத்துக்கு மேல் போனால் பேஸ் முழுவதுமே மெலிந்து, ஒலி அடைத்த மாதிரி ஆகும். அங்கிருந்து ஓர் அடுக்கைக் கழற்ற வேண்டும். காதை மட்டும் நம்பாமல், ஒரு தட்டையான பலகையில் மைக்கைப் பதித்து, கப்பை அதன் மேல் வைத்து ஒலியை அளக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளில் ஸ்வீப் (தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்தது வரை ஓடும் சோதனை ஒலி) எடுங்கள். அந்த வரைபடம் மற்றவர்களுடைய அளவீட்டோடு ஒத்துப்போகாது, அது பரவாயில்லை. மாற்றத்துக்கு முன், பின், இடம், வலம் என்று நீங்களே ஒப்பிட அது போதும்.

டி50ஆர்பி-யை மாற்றியமைப்பது தனிக்கலை. டான் கிளார்க் தொடங்கிய மிஸ்டர்ஸ்பீக்கர்ஸ் நிறுவனமே அதை மாற்றியமைத்து மேட் டாக் என்ற பெயரில் விற்றுத்தான் வளர்ந்தது. அதில் பிளாஸ்டிக் கப்பே கூடச் சேர்ந்து அதிர்வது பெரிய பிரச்சினை. கப்பின் உட்சுவரில் எண்ணெய் கலந்த மாடலிங் களிமண்ணைப் பக்கத்துக்கு 20 கிராம் அளவில் அழுத்தி ஒட்டினால் அதிர்வு அடங்கும். தண்ணீர் கலந்த களிமண் வேண்டவே வேண்டாம். காய்ந்து வெடித்து, அதன் தூள் டிரைவருக்குள் போகும். காலி இடத்தில் ஒரு கிராம் பஞ்சைத் தளர்வாகப் பிய்த்து வைக்கலாம். திணித்தால் கப்புக்குள் காற்றின் இடம் சுருங்கி பேஸ் குறையும்.

டிரைவரையே பிரிப்பது கடைசி வழி. கரகர ஒலி வந்தால் மட்டும் யோசியுங்கள்: 20-இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஸ்வீப் ஓட்டும்போது ஓரிடத்தில் சரசரவென்று கேட்டால், முடியோ இரும்புத் துகளோ படலத்தில் உரசுகிறது. முதலில் வெளியிலிருந்தே துளைகளின் மேல் செல்லோடேப்பை ஒற்றி எடுத்துப் பாருங்கள், பலருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும். முடியாவிட்டால் பிரிக்கலாம். இருபுறக் காந்தங்களும் ஒத்த துருவங்கள் எதிரெதிரே இருக்கும்படி அமைந்தவை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு திருகை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போனால் தட்டு சாய்ந்து படலத்தை மடக்கிவிடும். எதிரெதிர்த் திருகாகக் கால் சுற்று, கால் சுற்று என்று தளர்த்த வேண்டும், மாட்டும்போதும் அப்படியே. பிரிக்கும்முன் விளிம்பில் பென்சில் கோடு போட்டு, தட்டுகளும் படலமும் எந்த நிலையில் இருந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவரைக் காந்தம் வெடுக்கென்று இழுக்கும். முனை வழுக்கினால் படலம் ஓட்டை. பித்தளை அல்லது செராமிக் கருவி நல்லது. ஃபெரைட் எளிதில் சில்லு பெயரும், அந்தச் சில்லே அடுத்த கரகரப்புக்குக் காரணமாகும்.

படலத்தில் சுருக்கம் கண்டால் ஹேர் டிரையரைக் காட்டும் பழக்கம் பரவியிருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். சூடு ஒரே சீராகப் படாது, ஓரிடம் அதிகம் இறுகி அதிர்வெண் மாறி, இரண்டு பக்கமும் இனி ஒருபோதும் ஒத்துப்போகாது. கடத்திக் கோடு அறுந்திருந்தால், அது அலுமினியம் என்றால் சால்டர் பிடிக்காது. முதலில் முனையின் அழுத்தத் தொடர்பைச் சுத்தம் செய்து திருகை மீண்டும் இறுக்குங்கள். அறுந்ததாகத் தெரிந்த பல டிரைவர்களில் கோளாறு இந்தத் தொடர்பில் படிந்த ஆக்சைடுதான். உண்மையிலேயே அறுந்திருந்தால் வெள்ளிக் கடத்திப் பெயின்ட்டை ஒற்றை மயிர்த் தூரிகையால் 2-3 மி.மீ. நீளத்துக்குப் பூசி ஒரு நாள் காயவிடலாம். அலுமினியத்தின் மேல் அது எப்போதும் நன்றாகப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. பிடிக்காத டிரைவரையும் எறியாதீர்கள். அதன் காந்தத் தட்டும் பிடிவளையமும் அதே மாடலின் இன்னொன்றுக்கு உதவும்.

வாங்க நினைப்பவர்கள் விற்பவரிடம் மூன்று விஷயங்களை மட்டும் கேளுங்கள்: இரு பக்கமும் மல்டிமீட்டர் எத்தனை ஓம் காட்டுகிறது, பேடைக் கழற்றி டிரைவரின் முன்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா, பின்பக்க ஃபெல்ட் இன்னும் இருக்கிறதா. மூன்றாவது கேள்விக்கு "சுத்தம் செய்துவிட்டேன்" என்று பதில் வந்தால், புதிய ஃபெல்ட்டை அளந்து பொருத்தும் வேலை உங்கள் தலையில் விழுகிறது. அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கோவை