பர்மாவைப் பனைமரத்திலிருந்து தொடங்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேலூர் வட்டாரப் பள்ளிகளில் முப்பத்தோராண்டுகள் சமூக அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பிறநாடுகளை நம் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும் முறை பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர்களிடம், குறிப்பாக ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும், சில சொல்ல விரும்பி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தியின் பள்ளியில் அண்மையில் உலக நாடுகள் நாள் கொண்டாடினார்கள். ஆளுக்கொரு நாடு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அவளுக்கு மியான்மர், அதாவது பழைய பர்மா, வந்தது. தெர்மகோல் அட்டையில் கொடியை ஒட்டிக்கொண்டு, தலைநகர், நாணயம், மக்கள்தொகை ஆகியவற்றை மேடையில் அரை நிமிடத்தில் ஒப்பித்துவிட்டு இறங்க வேண்டும். அந்நாட்டு உடையும் அணிந்திருக்க வேண்டும். வேட உடைகளை வாடகைக்குத் தரும் கடையில் மியான்மர் உடை என்று கேட்டதற்கு, முதுகில் டிராகன் படம் போட்ட சிவப்பு அங்கியையும் ஒரு காகித விசிறியையும் எடுத்துக் கொடுத்தார்கள். ஜப்பான் வந்த பிள்ளைக்கும் சீனா வந்த பிள்ளைக்கும் அதே அங்கிதான். நிறம் மட்டும் வேறு. இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய கொடியோ 2010இல் மாற்றப்பட்டுவிட்ட பழைய கொடி. தலைநகர் என்று அவள் ஒப்பித்தது யாங்கோன், அதாவது நம் பெரியவர்கள் சொல்லும் ரங்கூன். ஆட்சி நேப்பிடோவுக்கு இடம் மாறத் தொடங்கியது 2005இல். கூட்டத்தில் எவருக்கும் இவை உறுத்தவில்லை. கைதட்டல் கிடைத்தது, சான்றிதழும் கிடைத்தது. பிழைகளைச் சுட்டிக் குற்றம் பிடிப்பது என் நோக்கமன்று. அத்தனையும் சரியாகவே இருந்திருந்தாலும் அந்த நாட்டைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்பதுதான் என் குறை.

எங்கள் தெருவில், 1964இல் தம் ஒன்பதாம் வயதில் பெற்றோருடன் ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த மூதாட்டி ஒருவர் இருக்கிறார். அங்கியும் விசிறியுமாக வீடு திரும்பிய பேத்தியைப் பார்த்து, "ஏன் தாயி, சீனாக்காரி மாதிரி வந்திருக்கே?" என்று கேட்டுச் சிரித்தவர், மறுநாள் அவளைத் தம் வீட்டுத் திண்ணைக்கு வரச் சொன்னார். நானும் கூடப் போனேன். நம் சந்தனக்கல்லைப் போன்ற வட்டக் கல் ஒன்றை எடுத்து வந்தார். விளிம்பைச் சுற்றி நீர் வடிவதற்குப் பள்ளம் வெட்டியிருந்தது. சாண் நீளக் கட்டை ஒன்றை அதன்மேல் வைத்துச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பட்டையோடு இழைத்தார். வெளிர்மஞ்சளாகக் குழம்பு திரண்டது. அதைத் தொட்டுப் பேத்தியின் இரு கன்னத்திலும் வட்டமாகப் பூசிவிட்டார். தனகா என்று அதற்குப் பெயர். வெயிலில் போகும்போது அங்கே பெண்களும் பிள்ளைகளும் பூசிக்கொள்வது. அது எடுக்கப்படும் மரம் வேறொன்றுமில்லை, நம் சிவன் கோயில் நந்தவனங்களில் மகாவில்வம் என்று வளர்க்கிறோமே, அதேதான். கன்னம் காய்ந்து இறுகியதும் பேத்தி என்னைப் பார்த்து, "அங்கே அவ்வளவு வெயிலா தாத்தா?" என்று கேட்டாள்.

மேடைக்காக ஒரு வாரம் மனப்பாடம் செய்தபோது அவளுக்கு வராத முதல் கேள்வி அது. அதை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தலாம்.

மியான்மரின் நடுவே, மாந்தலே, பகான் நகரங்களைச் சுற்றி, வறண்ட சமவெளி ஒன்று பரந்து கிடக்கிறது. மேற்கே கடற்கரையை ஒட்டி நீளும் அரக்கான் மலைத்தொடர் தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுத்துக் கடலோரத்தில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழையை இறக்கிவிடுவதால், மலைக்கு அப்பாலுள்ள இந்தச் சமவெளிக்கு 1,000 மில்லிமீட்டர் வருவதே அரிது. மதுரை மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். ஜூலை மாதம் கேரளம் நனைந்துகொண்டிருக்கையில் நாம் மேற்கே மலைமேல் தங்கிவிட்ட மேகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறோமே, அதற்கான காரணமும் பகான் உழவரின் காரணமும் ஒன்றே. நமக்கு ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்து கைகொடுக்கிறது. அந்த ஆதரவு அவர்களுக்கு இல்லை. நான் பணியில் இருந்தபோது, பள்ளி முற்றத்தில் முழங்கால் உயரத்துக்கு மணலைக் கரைபோலக் குவித்து, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தெளிப்பானால் நீர் தெளிக்கச் சொல்லி, மறுபக்கத்து மணலைத் தொட்டுப் பார்க்கச் செய்வேன். காற்று மேலேறிக் குளிர்ந்து மேகமாவதை மணல்மேடு காட்டாது என்பது உண்மைதான். அதைப் பிறகு கரும்பலகையில் விளக்கிக்கொள்ளலாம். ஆனால், உலர்ந்த பக்கத்தைத் தொட்ட கை மழைமறைவுப் பகுதி என்ற சொல்லைத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவதில்லை.

அந்தச் சமவெளியில் விளைபவை எள்ளும் நிலக்கடலையும் பயறும். வரப்புகளில் பனைமரங்கள். மரத்தில் ஏணி கட்டி ஏறிப் பதநீர் இறக்கிக் காய்ச்சிச் சிறு சிறு உருண்டைகளாகக் கருப்பட்டி பிடிக்கிறார்கள். தேநீர் குடிக்கும்போது அதைக் கடித்துக்கொள்கிறார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், "அங்கேயும் பனைமரமா?" என்று நம்பாமல் கேட்கும். பனையோலையிலிருந்து அவர்களுடைய எழுத்துக்கும் போகலாம். எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் ஓலை நரம்போடு கிழியும் என்பதால் பர்மிய எழுத்துகள் வட்டம் வட்டமாக அமைந்தன என்பர். நம் எழுத்தின் வளைவுகளுக்கும் இதே காரணத்தைச் சொல்வதுண்டு.

ஒற்றுமையை மட்டும் அடுக்கிக்கொண்டு போனால் அதுவும் ஏமாற்றுதான்; பிறநாடு என்பது நம்மூரின் நகல் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். ஆகவே அடுத்த வகுப்பில் ஆற்றை எடுக்க வேண்டும். வைகை 258 கிலோமீட்டர். பெரியாற்று நீர் வந்து சேராவிட்டால் அதன் பாசனம் தள்ளாடிவிடும்; கடலைக் காணும் முன்பே அதன் நீர் பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு முடிந்துவிடும். ஆற்றுக்குள் கிரிக்கெட் ஆடும் மதுரைப் பிள்ளைக்கு ஐராவதி எளிதில் பிடிபடாது. வடக்கே கச்சின் மலைநாட்டில் இரண்டு ஆறுகள் கூடி உருவாகி, 2,000 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கு நோக்கி ஓடி, பல கிளைகளாகப் பிரிந்து அந்தமான் கடலில் விழுவது அது. ஆண்டு முழுவதும் நீர் ஓடும். சரக்குப் படகுகள் போகும். செட்டிநாட்டு வீடுகளில் நாம் கட்டிப்பிடித்து விளையாடும் தேக்குத் தூண்களின் மரமும் பர்மியக் காடுகளில் வெட்டப்பட்டு, யானைகளால் இழுக்கப்பட்டு, ஆற்றில் மிதந்து, பிறகு கப்பலேறி வந்ததுதான். ஆற்றின் கழிமுகம் முழுவதும் நெல். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு உலகிலேயே மிகுதியாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. 1942இல் அதை ஜப்பானியப் படை பிடித்ததும் அந்த அரிசி நமக்கு வருவது நின்றுபோனது.

பண்பாடு என்றவுடன் நடனமும் உடையும்தான் நம் பள்ளிகளின் நினைவுக்கு வருகின்றன. நான் பெயரிலிருந்து தொடங்குவேன். தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்து உண்டு. பெரும்பாலான பர்மியருக்குத் தலைப்பெழுத்தும் இல்லை. 1961 முதல் 1971 வரை ஐ.நா. சபையின் பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்ட் அவர்களின் பெயரில் உள்ள ‘ஊ’ தந்தையின் தலைப்பெழுத்து என்றே நான் வெகுநாள் எண்ணியிருந்தேன். மாணவர்களுக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். அது பெரியவர்களை மரியாதையாக அழைக்கும் முறைச்சொல், நாம் ‘ஐயா’ என்பதுபோல. வயதில் மூத்த பெண்களை ‘டோ’ என்றும், இளையவர்களை ‘கோ’, ‘மா’ என்றும் அழைப்பார்கள். பிறந்த கிழமைதான் அங்கே முக்கியம். ரங்கூனின் ஸ்வேடகோன் பகோடாவில் ஒவ்வொரு கிழமைக்கும் தனிமூலையும் ஒரு விலங்கும் உண்டு. திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம். புதன்கிழமையை மட்டும் முற்பகல், பிற்பகல் என்று இரண்டாக்கிக் கிழமைகளை எட்டாக்கிவிட்டார்கள். அந்தப் புதன் பிற்பகலுக்கு உரியவர் யார் தெரியுமா? ராகு. நாள்காட்டியில் ராகுகாலம் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

அவர்களுடைய தின்ஜான் என்னும் புத்தாண்டு நீர்விழா நம் சித்திரை முதல் நாளையொட்டி வருகிறது. சங்கராந்தி என்ற சொல்லே அப்படித் திரிந்தது. ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பழைய ஆண்டைக் கழுவி அனுப்புகிறார்கள். கள்ளழகர் ஆற்றில் இறங்கும்போது தோல்பையால் தண்ணீர் பீய்ச்சும் கூட்டத்துக்கு நடுவே நின்று நனைந்த பிள்ளையிடம் இதைச் சொன்னால், அந்தத் தண்ணீர் யார்மேல், எதற்காக, எந்த நாளில் என்று வேறுபாடுகளை அதுவே கேட்கத் தொடங்கும்.

ஏழாம், எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டால் கசப்பானவற்றையும் மறைக்கக் கூடாது. பகானில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சேரநாட்டு மகோதயர்பட்டணத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர், அங்கிருந்த நானாதேசி விண்ணகர் ஆழ்வார் கோயிலுக்கு மண்டபமும் கதவும் நிலைவிளக்கும் தந்த செய்தியைச் சொல்வது. அதைப் பெருமையோடு நடத்தும் நாம், 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனைத் திருப்ப முடியாத பர்மிய உழவர்களின் நிலம், தெற்குப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு, நம் பகுதியிலிருந்து போன லேவாதேவிக்காரர்களிடம் வந்து சேர்ந்ததையும் நடத்த வேண்டும். 1942இல் நடந்தே அசாமுக்கு வந்தவர்களின் துயரமும், 1962இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பின் கடைகளையும் தொழில்களையும் இழந்து கப்பலேறியவர்களின் துயரமும் உண்மை. தேக்குத் தூணுக்கு மறுபக்கம் ஒன்று இருந்ததும் உண்மை. 2021இல் மீண்டும் இராணுவ ஆட்சி வந்ததையும், 2025 மார்ச்சில் மாந்தலேயை நிலநடுக்கம் உலுக்கியதையும் செய்தித்தாளில் பார்க்கும் மாணவருக்கு, அது தனகா பூசிய பிள்ளைகளின் நாடு என்று தெரிந்திருந்தால் அந்தச் செய்தியை அவர் படிக்கும் விதமே வேறாக இருக்கும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. சமூக அறிவியல் பாடவேளையைக் கணக்குக்குக் கடன் கொடுத்துக் கொடுத்தே என் பணிக்காலம் கழிந்தது. நாற்பது நாடுகளை ஒரே நாளில் மேடையேற்றுவதற்குப் பதிலாக, ஒரு வகுப்புக்கு ஆண்டுக்கு ஒரே நாடு என்று வைத்துக்கொண்டால் நேரமும் மிஞ்சும், பெற்றோருக்கு வாடகைப் பணமும் மிஞ்சும். அதுவும் நம் வட்டாரத்தோடு தொடர்புள்ள நாடாக இருப்பது நல்லது. பர்மாவிலும் மலேசியாவிலும் இலங்கையிலும் வாழ்ந்து திரும்பியவர்களும், வளைகுடா நாடுகளில் இன்றும் வேலை செய்பவர்களும் இல்லாத ஊர் இந்தப் பக்கத்தில் அரிது. ஒரு பிற்பகல் அவர்களை வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொல்வதற்குச் செலவு ஒன்றும் இல்லை. அவர்கள் சொல்வதில் நினைவுப் பிசகு இருக்கும். அதை நிலவரைபடத்தையும் நூலையும் வைத்துச் சரிபார்ப்பதையே மாணவர்களுக்குப் பயிற்சியாகத் தரலாம். எங்கள் தெரு மூதாட்டிகூட மாந்தலே கடலோரத்தில் இருப்பதாகச் சொன்னார். பேத்தி அட்லஸை எடுத்துவந்து காட்டியதும், "அப்ப அது மோல்மேனாத்தான் இருக்கும்" என்று திருத்திக்கொண்டார்.

என்னிடம் துணியில் ஒட்டிய பழைய ஆசியச் சுவர்ப்படம் ஒன்று இருக்கிறது. ரங்கூன் தலைநகராக இருந்த காலத்தில் அச்சானது. நேப்பிடோ இருக்குமிடத்தை நானே சிவப்பு மையால் குறித்து வைத்திருக்கிறேன். மேலூர்ப் பக்கம் எந்தப் பள்ளியிலாவது மாட்டுவதற்குச் சுவரும், அதன் முன் நின்று பிள்ளைகள் கேள்வி கேட்க ஒரு பாடவேளையும் ஒதுக்குவார்களானால், நானே கொண்டுவந்து தரச் சித்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சமூக அறிவியல் ஆசிரியர்,
மேலூர், மதுரை மாவட்டம்.