கட்டணம் எவ்வளவு என்று எழுது

அன்புள்ள மீனாவுக்கு அப்பா எழுதுவது.

அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. கடை ஓடுகிறது. அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொள்.

செந்தில் போனில் ஒரு நாடக நோட்டீஸைக் காட்டினான். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ படிக்கிற ஸ்காட்லாந்து ஊர் டண்டி ஆயிற்றே, டண்டி நாடகக் கொட்டகை என்று தேடப்போய், அந்த ஊர்க்காரர், நடிகர் பிரையன் காக்ஸைப் பற்றிப் படித்தேன். அன்றைக்குத் தூக்கம் போச்சு.

அவருடைய அப்பாவும் என்னைப் போலக் கடைக்காரர். பையனுக்கு 8 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஊரெல்லாம் கடன் கொடுத்திருக்கிறார், வீட்டுக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. சணல் ஆலையில் நூல் நூற்ற அம்மாவுக்கு மனசு குலைந்துபோக, அக்காமார்தான் வளர்த்தார்கள். நம் கடைச் சாக்குக்கு வருகிற அதே வங்காளச் சணல்தான் ஒரு காலத்தில் அந்த ஊருக்கும் கப்பலேறியது. ராத்திரியே என் கடன் நோட்டை எடுத்துப் பார்த்தேன். உன் மாமா பேரில் மட்டும் மூன்று பக்கம்.

15 வயதில் பள்ளியை விட்டவர், டண்டி ரெப் என்கிற நாடகக் கொட்டகையில் மேடை துடைத்திருக்கிறார். அப்புறம் லண்டனில் முறையாக நாடகம் படித்தார். முறையாக, அதைக் கவனி. 1986-ல் சினிமாவில் ஹானிபல் லெக்டர் என்கிற கொலைகார டாக்டராக முதலில் நடித்தவர் அவர்தான், பேர் வாங்கியது இன்னொருவர். 1988-ல் ஷேக்ஸ்பியர் நாடகத்துக்கு ஒலிவியர் விருது. தெருவில் போகிறவனும் அடையாளம் காண்கிற அளவுக்கு ஆனது 'சக்சஷன்' தொடரில், 72 வயதில். எத்தனை வருஷம், நீயே கணக்குப் போடு.

அந்த மனுஷர் 2010-ல் உன் பல்கலைக்கழகத்துக்கே ரெக்டர், அதாவது மாணவர்கள் தேர்ந்தெடுக்கிற பிரதிநிதி, ஆனாராம். ஏதோ நீயே ரெக்டர் ஆன மாதிரி உன் அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன்.

அதற்காகப் படிப்பை விடலாம் என்று இல்லை. படிப்பை முடி. எது செய்வதானாலும் முடித்துவிட்டுச் செய். இந்த வருஷக் கட்டணம் கேட்டு நீ எழுதவே இல்லையே.

பத்தாம் வகுப்பில் நீ பாண்டியனாக நிற்க வேண்டிய அன்று காலை, ஆச்சிக்கு முடியவில்லை என்று உன்னை ஊருக்குக் கூட்டிப்போனேனே. ஆச்சிக்கு ஒன்றுமில்லை. போர்த்திப் படுக்கச் சொன்னவன் நான். நீ கஷாயம் வைத்துக் கொடுத்தாய், அதையும் குடித்தாள். சாகும்வரை என்னைத் திட்டினாள். உன் அட்டைக் கிரீடம் பரணில்தான் இருக்கிறது, ஒரு ஓரம் எலி கடித்திருக்கிறது.

கட்டணம் எவ்வளவு என்று எழுது. எதற்கு என்று கேட்கமாட்டேன்.

காதை மூடிக்கொள்.

அப்பா