மலை ஏறாத புதுக் கார்: மூன்றாவது முறையாக மனு

அனுப்புநர்: வாடகைக் கார் ஓட்டுநர், வால்பாறை.
பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்.
நாள்: 08.09.2025

பொருள்: புதிதாக வாங்கிய கார் மலையில் அடிக்கடி பழுதாகி நிற்பது – மோட்டார் வாகன ஆய்வாளரைக் கொண்டு மலைச்சாலையில் ஓட்டிப் பரிசோதிக்க வேண்டுதல் – தொடர்பாக.
பார்வை: எனது மனுக்கள், நாள் 16.06.2025 மற்றும் 21.07.2025.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

பார்வையில் கண்ட இரு மனுக்களுக்கும் ரசீதுதான் கையில் இருக்கிறது, பதில் வரவில்லை. வேறு வழி தெரியாமல் தங்கள் சமூகத்தை மறுபடியும் நாடுகிறேன்.

1. கடந்த தை மாதம் ஒன்பது லட்ச ரூபாய்க்குக் கடனில் கார் எடுத்தேன். மஞ்சள் போர்டு. ஓட்டுவது நானேதான், வேறு வருமானம் இல்லை.

2. இதுவரை ஆறு முறை ஷோரூமில் விட்டாயிற்று (ஜாப் கார்டு நகல்கள் இணைப்பு). மேடு ஏறினால் இன்ஜின் விளக்கு எரிகிறது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுப்பதில்லை, பிறகு நின்றுவிடுகிறது. சென்சார் மாற்றினார்கள், சாப்ட்வேர் ஏற்றினார்கள், ஒரு முறை வெறும் வாட்டர் வாஷ் செய்து கொடுத்தார்கள். தென்னந்தோப்புக்கு நடுவே சமதரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு "வண்டி நல்லாத்தான இருக்கு" என்கிறார்கள். சமதரையில் நல்லாத்தான் ஐயா இருக்கும்.

3. ஆகஸ்ட் 12 இரவு. பொள்ளாச்சியில் கண் ஆபரேஷன் முடிந்த அம்மாவைக் கூட்டி வந்தேன். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் விளக்கு எரிந்தது, பதிமூன்றாவதில் நின்றுவிட்டது. அந்த இடம் தங்களுக்கும் தெரியும், ஆய்வுக்கு அந்த வழியாகத்தானே வருகிறீர்கள். மழை. போன் சிக்னல் இல்லை. ஹேண்ட் பிரேக் போட்டும் வண்டி பின்னால் நகர்ந்தது. இருட்டில் கையால் துழாவிக் கல் எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தேன். அம்மாவுக்கு ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணில் ஏற்கெனவே புரை. சின்னச் சத்தம் கேட்டாலும் "என்னப்பா, யானையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் என்ன பதில் சொல்ல? ஒன்றே முக்கால் மணி நேரம் ஐயா. கடைசி பஸ் டிரைவர் நிறுத்தி அம்மாவை ஏற்றிக்கொண்டார். நான் விடியும்வரை வண்டிக்குள் இருந்தேன்.

4. இதைச் சொன்னதற்கு ஷோரூமில் கிடைத்த பதில்: "மலையில ஓட்டினா அப்படித்தான்." பதினேழு வருடமாக இதே 40 வளைவில்தான் ஓட்டுகிறேன். வால்பாறைக்காரன் வேறு எங்கே ஓட்டுவான்?

5. மஞ்சள் போர்டு என்பதால் நான் நுகர்வோரே இல்லை என்கிறது ஷோரூம். பிழைப்புக்காகத் தானே ஓட்டுபவனும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் போன் செய்து புகார் பதிந்தேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போ என்கிறார்கள். கோவைக்குப் போக வர 200 கிலோமீட்டருக்கு மேல். எந்த வண்டியில் போவது?

6. டியூ மட்டும் ஐந்தாம் தேதி தவறுவதில்லை.

ஆகவே ஐயா, ஷோரூம் ஆளையும் பக்கத்தில் உட்காரவைத்து, நாலு பேரோடு, ஏசி போட்டு, ஆழியாறு சோதனைச்சாவடியிலிருந்து அட்டகட்டி வரை ஒரே ஒரு தடவை வண்டியை ஓட்டிப் பார்க்க மோட்டார் வாகன ஆய்வாளருக்கு உத்தரவிடுங்கள். பார்த்ததை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தத் தாள் கிடைத்தால் ஆணையத்தில் மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த ஒரு உத்தரவைத்தான் மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

அடுத்த மாதம் அம்மாவுக்கு மறு கண் ஆபரேஷன். அதற்குள் கருணைகூர்ந்து உத்தரவிடுமாறு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)