வீடு நிற்கும், பார்ன் போகும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பதில் போடாமல் இருந்ததற்காக நீ சேர்த்து வைத்திருக்கும் வசவுகளை அப்படியே வைத்திரு, நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். பெரியவள் கல்லூரிக்குப் போய்விட்டாள். சின்னவன் என்னைவிட உயரமாகிவிட்டான், என் பேச்சைக் கேட்பதையும் நிறுத்திவிட்டான். தவளைக்குப் பேரன் பிறந்திருக்கிறானாமே. தாத்தாவின் குரல் வராமல் இருந்தால் சரி.

இந்தக் கடிதம் ஒரு சுவரைப் பற்றியது. பழைய சுண்ணாம்புச் சுவர்களோடு மல்லுக்கட்டுபவன் நீ, சுவர் என்றதும் நிமிர்ந்து உட்காருவாய் என்று தெரியும். ஆனால் சுவருக்கு வருவதற்குள் உன்னைப் பண்ணை முழுக்கச் சுற்றிக் காட்டாமல் விடமாட்டேன். பொறுமை இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடு, ஆனால் நான் கண்டுபிடித்துவிடுவேன்.

என் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பையனின் பாட்டி, பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் பக்கம் ஒரு பழைய பண்ணையில் தனியாக இருக்கிறார். தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருந்த பண்ணை. "பார்ன் சுவர் உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டு நிற்கிறது, ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள்" என்று கூட்டிப் போனான். அடுக்குமாடிக் கார் நிறுத்தங்களுக்குக் கம்பிக் கணக்குப் போட்டு வயிறு வளர்ப்பவன் நான். நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலான சுண்ணாம்புச் சுவரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? போனேன். போனவன் இன்னும் வீடு திரும்பவில்லை என்றுதான் இவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பார்ன் என்றால் வைக்கோல் கொட்டகை என்று நினைத்துக்கொள்ளாதே. தொழுவம், கதிரடிக்கும் களம், வைக்கோல் பரண், தானியக் களஞ்சியம் நான்கும் ஒரே கூரைக்குள் அடங்கிய இரண்டடுக்குக் கட்டடம். நிலத்தின் சரிவைப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். மேட்டுப் பக்கம் மண்ணைக் கொட்டிச் சாய்தளம் போட்டிருப்பதால், பாரம் ஏற்றிய வண்டி குதிரைகளோடு நேராக மேல் தளத்துக்குள் போய்விடும். பள்ளத்துப் பக்கம் வந்து பார்த்தால் அடியில் தொழுவம். கதிர்க்கட்டை மேலே ஏற்றும் வேலையைக் குதிரை பார்த்துக்கொண்டது, கீழே இறக்கும் வேலையை யாரும் பார்க்க வேண்டியதில்லை. மேல் தளத்தில் ஒரு திறப்பு. அதில் வைக்கோலைத் தள்ளினால் மாட்டின் முன்னால் போய் விழும். சாணமும் பள்ளத்துப் பக்க முற்றத்துக்கு வந்து, அங்கிருந்து வயலுக்குப் போகும். யோசித்துப் பார், ஒரு வருஷத்து விவசாயம் முழுவதும் மேலிருந்து கீழே வழிகிறது. நாம் நான்கு வருஷம் படித்த படிப்பில் இப்படி ஒரு கட்டடத்தை யாரும் நமக்குக் காட்டவில்லை.

மேல் தளம் கீழ்ச்சுவரோடு நின்றுவிடாமல் பள்ளத்துப் பக்கம் ஆறேழு அடி துருத்திக்கொண்டு நிற்கிறது. அதுதான் பென்சில்வேனியா பார்னின் அடையாளம். பெரும்பாலும் தெற்கையோ கிழக்கையோ பார்த்திருக்கும். குளிர்காலத்துச் சாய்ந்த வெயில் தொழுவத்து வாசல்வரை வரும், மழையும் பனியும் அங்கே விழாது. இந்த அமைப்பின் மூலத்தை ஆராய்ச்சிக்காரர்கள் சுவிட்சர்லாந்தின் பிரெட்டிகாவ் பள்ளத்தாக்கில் கண்டிருக்கிறார்கள். ஜெர்மன் மொழி பேசிய குடியேறிகள் 18ஆம் நூற்றாண்டில் மனதில் சுமந்து வந்ததை, அவர்களுடைய பேரன்கள் 19ஆம் நூற்றாண்டில் கோதுமையும் காசும் பெருகியபோது இன்னும் பெரிதாகக் கட்டிக்கொண்டார்கள்.

பக்கச் சுவர்களில் உயரமாய், ஒடுக்கமாய்க் கீறல் போன்ற துளைகள். வெளியே ஒரு கை நுழையும் அகலம், உள்ளே விரிந்துகொண்டே போகும். எதிரிகளைச் சுடுவதற்கு வைத்தது என்று இங்கே வருகிற விருந்தாளிகள் எல்லோரும் கதை விடுவார்களாம். பாட்டி சிரித்தார். அது காற்றுக்காக. சரியாகக் காயாத வைக்கோலை அடுக்கினால் உள்ளேயே சூடேறித் தானாகத் தீப்பிடித்துவிடும். ஒரு வருஷத்து உழைப்பு மொத்தமும் ஒரே கூரைக்குள் இருக்கும்போது அந்தப் பயம் எப்படி இருந்திருக்கும்!

நீ சந்தோஷப்படும் இடத்துக்கு வருகிறேன். மேல் தளத்துச் சட்டங்களில் ஓர் இரும்பு ஆணி கிடையாது. உத்திரத்தின் முனையை நாக்காகச் சீவித் தூணின் துளைக்குள் செருகி, குறுக்கே ஓக் மர ஆணி அறைந்திருக்கிறார்கள். கழன்று கிடந்த ஒரு கட்டையை எடுத்து உற்றுப் பார்த்தேன். தூணில் போட்ட துளையும் நாக்கில் போட்ட துளையும் நேருக்கு நேராக இல்லை. வேண்டுமென்றே ஒரு நூலளவு விலக்கிப் போட்டிருக்கிறார்கள். ஆணியை அறைய அறைய நாக்கு உள்ளே இழுபட்டு இறுகிவிடும். அந்தக் கட்டையில் இருந்த ஆணி லேசாக வளைந்து, இத்தனை காலம் இழுத்த இழுப்பைத் தன் உடம்பில் வைத்திருந்தது. ஒவ்வொரு இணைப்பின் பக்கத்திலும் உளியால் கீறிய ரோமன் எண்கள். தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்துவிட்டு, எண் போட்டு, பிரித்து, பிறகு ஊரையே கூட்டி வைத்துத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். VII-க்கு VII, VIII-க்கு VIII. தச்சன் VIII போட்ட இடத்தில் கடைசிக் கோடு கொஞ்சம் கோணல். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருப்பார்கள்.

தேதிக்கல்லில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்கிறது, ஆண்டின் கடைசி எண் உதிர்ந்து 185 மட்டும் நிற்கிறது. கல் பொய் சொல்லவில்லை என்பதற்கு மரத்திலேயே சாட்சி இருக்கிறது. பலகைகளில் சில நேர்கோட்டு அறுப்புத் தடத்தோடும், சில வட்ட ரம்பத்தின் வளைந்த தடத்தோடும் இருக்கின்றன; நேர் ரம்பத்திலிருந்து வட்ட ரம்பத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. அடித்த ஆணிகள் தகட்டிலிருந்து வெட்டிய சதுரத் தலை ஆணிகள். இப்போது நாம் வாங்கும் உருண்டைக் கம்பி ஆணி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பரவியது. அது பிற்காலத்து ஒட்டுப்போட்ட இடங்களில் மட்டும் கிடைக்கிறது.

பார்னோடு முடியவில்லை. முற்றத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் கட்டடங்கள். மக்காச்சோளக் கூண்டு இரண்டு, நடுவில் வண்டி நுழையும் வழி. இடைவெளி விட்டு அடித்த பலகைகள், மேலே போகப் போக வெளியே சாய்ந்த சுவர், காற்று ஊடுருவிக் கதிர் காய வேண்டும் என்பதற்காக அகலமே இல்லாத உள்ளிடம். கோடைச் சமையலறை இப்போது சாமான் அறை. இறைச்சிக்குப் புகை போடும் அறைக்கு ஜன்னலே கிடையாது. உத்திரங்கள் கரிபிடித்துப் பளபளக்கின்றன, உப்பு இறங்கிச் செங்கல் கீழ்வரிசைகள் மாவாக உதிர்கின்றன.

ஆனால் எனக்குப் பிடித்தது ஊற்று வீடு. ஊற்று கிளம்பும் இடத்தின் மேலேயே கல்லால் கட்டிய ஒரு குட்டி அறை. தரையில் கல் தொட்டி, அதில் கணுக்கால் அளவு நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. வெளியே கொளுத்தும்போதும் உறையும்போதும் அந்தத் தண்ணீர் ஏறக்குறைய 50 டிகிரி பாரன்ஹீட்டில்தான் இருக்கும். பால் சட்டிகளை அதில் இறக்கி வைத்து, ஏடு கட்டியதும் வழித்து வெண்ணெய் கடைந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலும் வெண்ணெய்க் காசு வீட்டுப் பெண்களின் கையில் புழங்கியது. வயல் கணக்கில் அவர்கள் பெயர் வந்ததோ இல்லையோ, இந்த வாசற்படி நடுவில் தேய்ந்து குழிந்திருப்பது அவர்களுடைய காலால்தான். மின்சாரம் இல்லாத குளிர்பதனப் பெட்டி என்று பையன் சொன்னான். அவனுக்கு வேறு எப்படிச் சொல்லத் தெரியும்?

இப்போது என் வயிற்றெரிச்சல். மர வியாபாரி ஒருவன் வந்து பாட்டியிடம் விலை பேசியிருக்கிறான். பார்னை அவனே ஆள் வைத்துப் பிரித்து, பலகையும் உத்திரமும் எடுத்துக்கொண்டு போவான், கையில் நல்ல தொகை கொடுப்பான். பழைய பார்ன் பலகைக்கு இங்கே அப்படி ஒரு கிராக்கி; உணவகச் சுவர்களில் அடிக்கிறார்கள். இந்தப் பார்னில் ஓக் மரத்துக்கு நடுவே செஸ்ட்நட் மரமும் இருக்கிறது. 1904இல் நியூயார்க் மிருகக்காட்சிச் சாலை வளாகத்தில் அந்த மரத்தைத் தாக்கிய பூஞ்சை நோய் தெரியவந்தது. சில பத்தாண்டுகளுக்குள் சுமார் 400 கோடி மரங்கள் செத்துப்போயின. ஆக, அந்தப் பெரிய செஸ்ட்நட் கட்டை இனி காட்டில் கிடைக்காது, பழைய கட்டடத்தில்தான் கிடைக்கும். வியாபாரிக்கு மூக்கு வியர்க்காதா?

குடும்பத்தார் கூடிப் பேசியிருக்கிறார்கள். "வீட்டை ஒன்றும் செய்யப் போவதில்லையே, வீடு பத்திரமாக இருக்கும்" என்கிறார்கள். இதைக் கேட்டதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் இல்லை. வீடு அழகான வீடுதான், ஜன்னலும் படிக்கட்டும் நேர்த்தி. ஆனால் அதைப் போன்ற வீடு நகரத்துத் தெருவிலும் இருக்கிறது. அது பண்ணை வீடு என்று எதை வைத்துச் சொல்கிறோம்? பின்னால் நிற்கிற பார்னையும் கூண்டையும் ஊற்று வீட்டையும் வைத்துத்தானே? சம்பாதித்ததெல்லாம் அங்கே, வீடு படுத்துத் தூங்கிய இடம். படுத்த இடத்தைப் பாதுகாத்து உழைத்த இடத்தை விற்பதற்குப் பெயர் பாரம்பரியமாம்.

இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் ராணுவத்துக்காரர்கள். இதே மாதிரிப் பார்னை பென்சில்வேனியா ஜெர்மானியர்கள் வர்ஜீனியாவின் ஷெனாண்டோ பள்ளத்தாக்குக்கும் கொண்டு போயிருந்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864 இலையுதிர் காலத்தில், வடக்குத் தரப்பு ஜெனரல் ஷெரிடனின் படை அந்தப் பள்ளத்தாக்கை எரித்தது. கோதுமையும் வைக்கோலும் நிரம்பிய 2,000 பார்ன்களுக்கு மேல், 70 மாவு ஆலைகளுக்கு மேல் அழித்துவிட்டதாக அவரே மேலிடத்துக்கு எழுதினார். குடியிருப்பு வீடுகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். எதிரிப் படைக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் தீவைத்து முடித்ததை இங்கே காசோலை கொடுத்து முடிக்கிறார்கள்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்பாய். 1966இல் ஒரு சட்டம் வந்து, வரலாற்று இடங்களுக்குத் தேசியப் பதிவேடு உண்டாயிற்று. பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் மதிப்பு உண்டு. ஆனால் தனியார் தன் சொந்தக் காசில் தன் கட்டடத்தை இடிப்பதை அந்தப் பதிவேடு தடுக்காது. பதிவான கட்டடம் வருமானம் தருவதாக இருந்தால், விதிப்படி செய்யும் பெரிய பழுதுபார்ப்புச் செலவில் 20 சதவீதம் மத்திய வரியில் கழியும். பார்னைப் பக்கத்துப் பண்ணைக்காரருக்கு வாடகைக்கு விட்டால் அந்த வழி திறக்கலாம் என்று பேரனிடம் சொல்லியிருக்கிறேன். அவன் தலையாட்டினான். தலையாட்டுவது அந்தக் குடும்ப வழக்கம் என்று இப்போது தெரிகிறது.

பாட்டியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எண்பது தாண்டியவர். கூரைக்கே எவ்வளவு ஆகும் என்று அவருக்குத் தெரியும். "இந்தத் தளத்தில் நான் ஸ்கேட்டிங் பழகினேன்" என்று மட்டும் சொன்னார், விற்கவேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று நீ கேட்டால் பதில் இல்லை. சுவர் நிற்கும் என்றோ நிற்காது என்றோ எழுதிக் கொடுக்கத்தான் என்னை அழைத்தார்கள். நிற்காது என்று எழுதினால் வியாபாரிக்கு அது போதும்.

அதனால், சுவர். மேட்டுப் பக்கச் சுவர், சாய்தளத்து மண்ணைத் தாங்கி நிற்பது. சுண்ணாம்புக்கல், சுண்ணாம்புச் சாந்து, கிட்டத்தட்ட 2 அடி கனம். நடுவில் தொழுவத்துப் பக்கமாக வயிறு தள்ளியிருக்கிறது. கூரையோரத் தண்ணீர்க் குழாய் எப்போதோ விழுந்துவிட்டதால் கூரைத் தண்ணீர் முழுவதும் அந்த மண்ணுக்குள்தான் இறங்குகிறது, குளிர்காலத்தில் உறைந்து விரிந்து சுவரைத் தள்ளுகிறது. போதாக்குறைக்கு யாரோ ஒரு புண்ணியவான் உள்பக்கம் முழுக்கக் கல் இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்துப் பாயிண்டிங் செய்திருக்கிறான். சுவர் மூச்சுவிட வழியில்லை. ஈரம் உள்ளேயே நின்று சாந்து தயிராகிவிட்டது. மேலே ஒரு குறுக்கு உத்திரத்தை, பெரிய இயந்திரம் நுழைவதற்காக, பிற்காலத்தில் அறுத்தும் இருக்கிறார்கள். அதை எஃகுக் கம்பி போட்டு நான் பிடித்துவிடுவேன், அது என் தொழில்.

மண்ணைத் தோண்டி எடுத்து, ஜல்லியும் வடிகுழாயும் போட்டு, கூரைத் தண்ணீரை விலக்கிவிட வேண்டும் என்பதுவரை எனக்கே புரிகிறது. அதற்குப் பிறகுதான் நீ வேண்டும். வயிறு தள்ளிய பகுதியை மட்டும் பிரித்து மறுபடி கட்டலாமா, அல்லது இரண்டு பக்கமும் தகடு வைத்து இழுத்துப் பிடித்தால் போதுமா? சிமெண்டைச் சுரண்டும்போது கல்லின் விளிம்பு பெயராமல் எப்படி எடுப்பது? இங்கே அக்டோபர் நடுவில் உறைபனி தொடங்கிவிடும், சாதாரணச் சுண்ணாம்பு இறுகுவதற்கு நாள் கேட்கும். தண்ணீரிலேயே இறுகும் சுண்ணாம்பு இங்கே கிடைக்கிறது, அதை நம்பலாமா? கடுக்காய்த் தண்ணீர் ஊற்றச் சொல்லி எழுதாதே, சுங்க அதிகாரியிடம் விளக்கம் சொல்ல என்னால் ஆகாது.

படங்களும் அளவுகளும் தனியே அனுப்புகிறேன். மாதக் கடைசியில் வியாபாரி முன்பணத்தோடு வருகிறானாம், அதற்குள் பதில் வந்தாக வேண்டும். நீளமாக வேண்டாம், கேட்ட மூன்றுக்கு மட்டும் எழுது. உன் மைத்துனர் வழக்கு என்ன ஆயிற்று என்பதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்.

உன்,
பழைய அறைத்தோழன்