கூட்ட அறையின் பூட்டைத் திறந்துவிடுங்கள்: மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் கிளை நூலகத்தின் மாடி அறையில் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு மாலை நடந்துவந்த வாசகர் வட்டக் கூட்டம், 'நூலகப் பணிக்குத் தொடர்பில்லாத நிகழ்வு' என்ற ஒற்றைக் குறிப்பால் நிறுத்தப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். நாங்கள் கொடுத்த மூன்று மனுக்களும் தங்கள் மேசையில்தான் இருக்கின்றன. அந்த அறையை இரண்டு மணி நேரம், நான்கிலிருந்து ஆறு வரை, மீண்டும் திறந்துவிட வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

அங்கு நாங்கள் சொற்பொழிவு நடத்தவில்லை. தனக்கு மிகவும் பிடித்த ஒரு நூலையோ ஓவியத்தையோ பாட்டையோ பார்த்துவந்த ஊரையோ பற்றி ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்போம். சித்தன்னவாசல் குகையின் விதானத்தில், தாமரைக்குளத்தில் மீனும் யானையும் பூப்பறிப்பவர்களும் இருப்பதைப் பேருந்து நடத்துநர் ஒருவர் சொல்லித்தான் எங்களில் பலர் முதன்முதலாக அறிந்தோம். அவரே அடுத்த முறை குடுமியான்மலைக்குப் போய், பாறையில் கிரந்த எழுத்தில் சுரங்களை வெட்டிவைத்திருக்கும் இசைக் கல்வெட்டைப் பார்த்துவந்து, எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாமல் அரை மணி நேரம் அதன் முன் நின்றதை வெட்கமில்லாமல் சொன்னார். அன்று கல்வெட்டியல் நூல்களைத் தேடிக் கீழே இறங்கியவர்கள் நான்கு பேர். அவர்கள் எடுத்த நூல்களில் ஒன்றின் தேதித்தாளில் அதற்குமுன் ஒரு முத்திரைகூட இல்லை. இதைத்தான் தங்கள் அலுவலகம் நூலகப் பணிக்குத் தொடர்பில்லாதது என்கிறது.

சென்ற மாதம் நடந்ததை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், எழுபத்தொன்பது வயது, கண்பார்வை மங்கியவர், நாகசுர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைப் பற்றிப் பேச மூன்று மாதமாகக் காத்திருந்தார். பிள்ளை 1956-இல் மறைந்தார்; அம்மையார் அவரை நேரில் கேட்டது, திருவிழாக் கூட்டத்தில் தந்தையின் தோளில் உட்கார்ந்திருந்த சிறுமியாக. அந்த இரவைச் சொல்லிவிட்டு இசைத்தட்டின் பதிவைக் கைபேசியில் ஒலிக்கச் செய்ய வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. பேரன் கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறிவந்தவரை வரவேற்றது புதிய பூட்டு. கீழே வராந்தாவில், சாரல் அடிக்க, பதினொரு பேர் நின்றபடி கேட்டோம். ஆலாபனை பாதியில் இருக்கும்போது காவலர் வந்து, உத்தரவு என்று சொல்லி, விளக்கை அணைத்தார். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். கேட்க வேண்டியவர் அவரல்லர்.

பூட்டிய அறைக்குள் இப்போது என்ன நடக்கிறது என்பதையும் சன்னல் வழியே பார்த்தோம். கால் உடைந்த நாற்காலிகளும் பிரிக்கப்படாத நூல்கட்டுகளும் அமைதியாக ஓய்வெடுக்கின்றன. அவற்றுக்கு எவ்வித இடையூறும் இல்லை. யாரும் தொடாத நூல் கிழிவதில்லை, யாரும் வராத அறையைப் பெருக்க வேண்டியதில்லை என்ற நிர்வாகச் சிக்கனத்தை நாங்கள் புரிந்துகொள்ளாமல் இல்லை. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன், 'ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்' என்பதை நூலகவியலின் விதிகளுள் ஒன்றாக 1931-இல் எழுதிவைத்தார். தங்கள் வாயிலில் அவர் படம் மாலையோடு தொங்குகிறது. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு நூலக வரியையும் நாங்கள் தவறாமல் கட்டிவருகிறோம். வரி கட்டும்போது தொடர்புள்ளவர்கள், மாடி ஏறும்போது தொடர்பற்றவர்களாகிவிடுகிறோம்.

கோபத்தில் சற்று அதிகம் எழுதிவிட்டேன், பொறுத்தருள்க. கேட்பது அறை மட்டுமே. நாற்காலிகளை நாங்களே துடைத்துக்கொள்கிறோம், மின்கட்டணத்தில் எங்கள் பங்கைச் செலுத்துகிறோம், ஆறு மணிக்குச் சாவியை நூலகரிடம் ஒப்படைக்கிறோம், பேசப்படும் பொருளை ஒரு வாரம் முன்பே எழுதித் தருகிறோம். ஞாயிறு தங்கள் நூலகத்துக்கு வேலை நாள் என்பதால் எவரும் தனியாக வர வேண்டியதும் இல்லை.

வரும் இரண்டாம் ஞாயிறுக்குள் எழுத்தில் ஒரு பதில் தந்தால் நன்றியுடையோம். அம்மையார் இருமுறை கேட்டுவிட்டார். வரச் சொல்வதா வேண்டாமா என்று அவருக்கு நான் சொல்ல வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
கிளை நூலக உறுப்பினர் ஒருவர்