தாளிப்பதற்கு முன் எடுத்துவைத்த பங்கு

திருப்பாதிரிப்புலியூர் தேரடிப் பக்கத்து உறவுகளுக்கு,

வாய் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். கடைவாய்ப் பல்லை எடுத்த இடத்தில் நேற்று தையல் பிரித்தார்கள். புண் நன்றாக ஆறிவருகிறது என்று மருத்துவர் சொன்னதிலிருந்து உங்கள் முகங்கள்தாம் மாறிமாறிக் கண்ணில் நிற்கின்றன. அந்தப் பல்லால் நான் பட்ட பாட்டை அன்றிரவு நீங்களே பார்த்தீர்கள், திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

லாரன்ஸ் ரோட்டில் இறக்கிய ஷட்டரை எனக்காக மறுபடி ஏற்றிய மருந்துக்கடை அண்ணன், காத்திருந்த நேரத்துக்குக் காசு வாங்க மறுத்த ஆட்டோக்காரர், மருத்துவமனை வரிசையில் எனக்குப் பதிலாக நின்ற அலுவலக நண்பர்கள், ஊரிலிருந்து அம்மா அழைத்தபோதெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்ன மாடிவீட்டு அண்ணி, எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

இந்த மடலின் பெரும்பகுதி மெஸ் அக்காவுக்கு உரியது.

பல்லை எடுத்தபின் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். மென்மையான உணவு, சூடு ஆகாது, காரம் ஆகாது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்கக் கூடாது. எல்லாம் சரிதான். தனியறையில் குடியிருந்து மெஸ் சாப்பாட்டில் காலம் தள்ளுகிறவனுக்கு அந்த மென்மையான உணவு எங்கிருந்து வரும்? பாக்கெட் பாலையும் இரண்டு வாழைப்பழங்களையும் வாங்கிவைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மதியம் அக்காவின் மகன் தூக்கோடு வந்து நின்றான். உள்ளே தயிர்சாதம். குழைய வடித்து, மசித்து, பால் விட்டு நீர்க்கக் கரைத்து, நன்றாக ஆறவைத்தது. கடுகு இல்லை, மிளகாய் இல்லை, இஞ்சித் துணுக்கு இல்லை, கறிவேப்பிலைகூட இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை. வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி நான் தெருவைக் கடந்ததை அடுப்படியிலிருந்தே அவர் பார்த்திருக்கிறார். எல்லோருக்குமான தயிர்சாதத்தைத் தாளிப்பதற்கு முன்பே என் பங்கைத் தனியாக எடுத்துவைத்திருக்கிறார்.

மாலையில் அவரே வந்தார். அவருடைய மாமனாருக்குப் பல் பிடுங்கியபோது மிளகாய் விதை ஒன்று குழியில் போய் உட்கார்ந்துகொள்ள, இரவெல்லாம் துடித்தாராம். “கடுகும் அப்படித்தான் தம்பி, போய் உட்கார்ந்தால் எடுக்க முடியாது” என்றார். இளநீரையும் டம்ளரில் ஊற்றித்தான் தந்தார். உறிஞ்சக் கூடாது என்பது அவருக்குத் தாளைப் படிக்காமலே தெரிந்திருந்தது. பல் இருந்த குழியில் உறையும் ரத்தம்தான் அடியிலுள்ள எலும்பையும் நரம்பையும் மூடிக் காக்கிறது, உறிஞ்சினாலோ பலமாகத் துப்பினாலோ அது பெயர்ந்துவிடும், பெயர்ந்தால் இரண்டு மூன்று நாளில் பல்வலியையும் மிஞ்சிய வலி தொடங்கும் என்று மருத்துவர் பிறகு விளக்கினார். எனக்கு அந்த வலி வரவே இல்லை. அதில் மருத்துவரின் கைக்கு எவ்வளவு பங்கோ அக்காவின் கைக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

அடுத்தடுத்த நாட்களில் வந்ததையும் சொல்லத்தான் வேண்டும். வடிகட்டிய கஞ்சி, மோர் கலந்த கேழ்வரகுக் கூழ், பாலில் ஊறிய இட்லி, மத்தால் கடைந்த பாசிப்பருப்பு, மசித்த பரங்கிக்காய். புண் ஆறப் பருப்புச் சத்து வேண்டும் என்று, வெறும் கஞ்சியோடு விடமாட்டேன் என்றார். உப்புக்கூட அளவாகவே இருந்தது. வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளிக்கும் நாள் வந்ததும் அதையும் மகனிடம் சொல்லி நினைவூட்டினார். பண்ருட்டிப் பலாச்சுளை வந்திருந்த நாளில், எனக்குக் காட்டக் கூடாது என்று மகனுக்கு உத்தரவாம். அவன் வந்து சொல்லிவிட்டான்.

மாதக் கணக்கில் ஒரு ரூபாய் கூடுதலாக எழுதவில்லை. கொடுக்கப்போனபோது, அதே அரிசிதானே என்றார். அதே அரிசிதான் அக்கா. ஆனால் தெருவே பசியோடு வரிசையில் நிற்கும் பன்னிரண்டரை மணிக்கு, ஒருவனுடைய வாய்க்குள் என்ன போகலாம், என்ன போகக் கூடாது என்று நின்று யோசிப்பதற்கு எந்தக் கணக்கில் விலை எழுதுவது? இந்த ஊருக்கு வேலைக்காக வந்தவன் நான். இங்கே எனக்கு யாரும் இல்லை என்று அம்மாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். இனி அப்படிச் சொல்ல மாட்டேன்.

நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஆப்பிளும் பிஸ்கெட்டும் வாங்கிப் போவதுதான் என் வழக்கம். இனி முதலில் கேட்பேன்: என்ன சாப்பிட முடிகிறது, யார் சமைக்கிறார்கள்? எதிர்வீட்டுப் பெரியவருக்கு அடுத்த மாதம் கீழ்வரிசையில் பல் எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஐயா, உங்கள் கஞ்சிக்கு நான் பொறுப்பு. பக்குவத்தை அக்காவிடம் கேட்டு எழுதி வாங்கிவிட்டேன். அடுப்பும் வாங்கப் போகிறேன்.